பிள்ளைக்கு முதல் ரைபிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மகளுக்கு 11 வயது. தொலைக்காட்சியில் துப்பாக்கிச் சுடும் போட்டியைப் பார்த்துவிட்டுத் தானும் பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கனடாவிலிருக்கும் என் தம்பி கோயில் திருவிழாவுக்கு வரும்போது ஒரு .22 ரைபிளோ (வெடிமருந்து ரவையில் சுடும் சின்னக் குழல் ரைபிள்) எயார் ரைபிளோ (காற்றழுத்தத்தில் சுடுவது) வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதைக் கேட்பது?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: இரண்டும் வேண்டாம் என்று இன்றைக்கே தம்பிக்குச் சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு அமைச்சின் முன் அனுமதி இல்லாமல் பயணப் பொதியில் துவக்கு வந்தால் கட்டுநாயக்காவிலேயே அகப்படும். எயார் ரைபிள் விளையாட்டுச் சாமான்தானே என்ற சமாதானம் அங்கே எடுபடாது. சுடுகலன் என்றால் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். உரிமம் பெரியவர் ஒருவரின் பெயருக்குத்தான் கிடைக்கும், அதையும் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே உங்கள் மகளின் முதல் ரைபிள் அவளுடையதாக இராது. கழகத்தின் ரைபிளில் கழகத்தின் சுடுதளத்தில்தான் பழக வேண்டும். தேசியச் சம்மேளனத்தில் பதிவான கழகங்களில் எது பிள்ளைகளைச் சேர்க்கிறது என்று கச்சேரியில் உள்ள மாவட்ட விளையாட்டு அதிகாரியிடம் முதலில் விசாரியுங்கள்.

அங்கே போனபின் கேட்க வேண்டியது 10 மீற்றர் தூரத்து இலக்கைச் சுடும் எயார் ரைபிளை. டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல இலங்கைக்காகக் கலந்துகொண்ட அதே போட்டி. பெலட் என்ற ஈயக் குண்டு 4.5 மில்லிமீற்றர், எடை அரைக் கிராமுக்குச் சற்றுக் கூட. வேகம் செக்கனுக்கு 170 மீற்றர் அளவு. உதைப்பு இல்லையென்றே சொல்லலாம், சத்தமும் குறைவு. பிள்ளை வெடிக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் இதில் வராது. .22இல் தொடங்கிய பிள்ளைகளிடம் அந்தக் கண்சிமிட்டலை எடுக்கப் பிறகு மாதக்கணக்காகும்.

ரைபிள் பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். பிடங்கின் (தோளில் முட்டும் கட்டையின்) அடியை அவளுடைய முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, முன்கையைக் குழலின் திசையில் நீட்டச் சொல்லுங்கள். சுட்டுவிரலின் முதல் கணு விசையைத் தொட வேண்டும். நுனி மட்டும் தொட்டால் பிடங்கு நீளம். பெரியவர்களின் ரைபிளில் பிடங்கின் அடியிலிருந்து விசை வரை 13½ அங்குலத்துக்கு மேல் இருக்கும். 11 வயதுப் பிள்ளைக்கு 11 முதல் 12½ அங்குலம் போதும். பிடங்கு நீளமாயிருந்தால் பிள்ளை கழுத்தை முன்னுக்கு நீட்டித் தலையைச் சரித்துத்தான் குறிபார்ப்பாள். அந்தச் சரிவு பழகிவிட்டால், பிறகு சரியான ரைபிளைக் கொடுத்தாலும் போகாது. கன்னம் வைக்கும் பலகையும் உயர்த்தி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைப் பலகையில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறந்தால் பின்குறியின் துளை நேர் எதிரே தெரிய வேண்டும். கழுத்தை ஆட்டித் தேட வேண்டி வந்தால் பலகையின் உயரம் பிழை.

அடுத்தது எடை. போட்டி விதி 5.5 கிலோ வரை விடுகிறது. அது வளர்ந்தவர்களின் கணக்கு. இந்த வயதுக்கு 2½ முதல் 3 கிலோவுக்குள் உள்ள ஜூனியர் ரைபிள் வேண்டும். நின்று பிடித்து அரை நிமிடம் குறிபார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். இடுப்புக்கு மேலே உடம்பு பின்னுக்கு வளைந்துகொண்டே போனால் அவளுக்கு அது பாரம். சில கழகங்களில் பெரியவர்களின் ரைபிளையே கொடுத்து, கைபழகினால் சரிவரும் என்பார்கள். சரிவராது, வளரும் முதுகுதான் நோகும். அப்படிப்பட்ட இடத்தில் முதல் சில மாதம் தாங்கியில் வைத்துச் சுடவிடும்படி கேளுங்கள். தாங்கியில் சுடுவது குறைவான பயிற்சி அல்ல. குறிபார்ப்பதும் விசையை அமத்துவதும் அங்கேதான் சுத்தமாகப் படியும். ஒரு நாளைக்கு 20, 30 சூடு போதும். போட்டியில் 75 நிமிடத்தில் 60 சூடு என்பது இப்போதைக்கு அவளுக்குத் தேவையில்லாத கதை.

குழலை மடக்கி உள்ளேயுள்ள சுருள்வில்லை இறுக்கும் எயார் ரைபிளைக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். பெரிய அளவு ரைபிளில் குழலை மடக்க 15 கிலோ வரை பலம் வேண்டும், பிள்ளையால் முடியாது. அரைவாசி மடங்கிய நிலையில் கை நழுவினால் குழல் திரும்பி அடிக்கும், விரல் நசியும். உள்ளே பிஸ்டன் ஓடுவதால் உதைப்பும் முன்னும் பின்னுமாக வரும், சூடு சிதறும், பிள்ளை தன் பிழை என்று நினைத்துச் சோர்ந்துபோவாள்.

கேள்வி: நான் திருகோணமலை, இருப்பது ஸ்காபரோவில். மகனுக்கு 12 முடிந்துவிட்டது. உள்ளூர்க் கழகத்தில் சேர்த்திருக்கிறேன். .22 வாங்கலாம் என்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், கனடா

பதில்: வாங்குவதும் வைத்திருப்பதும் உங்கள் பெயரில், உங்கள் உரிமத்தில். மகனுக்கு 12 முதல் 17 வயது வரைக்குரிய சிறார் உரிமம் எடுக்கலாம். பாதுகாப்புப் பாடநெறியை முடித்துத் தேற வேண்டும். அந்த உரிமத்தால் அவன், சட்டம் ‘கட்டுப்பாடற்றது’ (non-restricted) என்று வகுத்த ரைபிளை இரவல் வாங்கிச் சுடலாம், சொந்தமாக வாங்க முடியாது. உரிமம் உள்ள நீங்கள் பக்கத்திலேயே நின்று கவனித்தால் அது இல்லாமலும் சுடலாம். என்றாலும் பாடநெறிக்காகவே உரிமத்தை எடுப்பிக்கச் சொல்வோம்.

வகையில் எங்களுக்குத் தயக்கமே இல்லை: ஒவ்வொரு ரவையாக இட்டு, போல்ட்டை (அறையைத் திறந்து மூடும் தண்டை) கையால் இழுத்துச் சுடும், ‘.22 லோங் ரைபிள்’ என்ற ரவைக்குரிய ரைபிள். தானாக அடுத்த ரவையை ஏற்றும் ருகர் 10/22 நல்ல ரைபிள்தான், ஆனால் முதல் ரைபிள் அல்ல. ஒரு சூடு போன கையோடு அது மறுபடி சுடத் தயாராகிவிடும், பிள்ளையின் கவனம் அந்த நேரத்தில் இலக்கில் எங்கே பட்டது என்பதில்தான் இருக்கும். ஒற்றை ரவை ரைபிளில் போல்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அறை வெறுமை என்பது கண்ணுக்குத் தெரியும்.

சின்ன உடம்புக்குச் சவேஜ் ராஸ்கல் பொருந்தும். பிடங்கிலிருந்து விசைக்கு 11¼ அங்குலம், எடை 1¼ கிலோ அளவு. போல்ட்டின் பிடியை உயர்த்தும்போதே சுடும் ஊசி பின்னுக்கு இழுபட்டுவிடும், விசையைத் தொடாமலே ரவையை வெளியில் எடுக்கலாம். இந்த இரண்டாவது குணம்தான் எங்களுக்குப் பெரிது. கிரிக்கெட் என்ற சின்ன ரைபிளில் போல்ட்டை மூடியபின் பின்னாலுள்ள குமிழைக் கையால் இழுக்க வேண்டும். அதைப் பாதுகாப்பு என்று சொல்லி விற்பார்கள். குமிழ் இறுக்கமானது, விரல் வழுக்கும். அதை இழுக்கும் அந்தரத்தில் பிள்ளை குழலின் திசையை மறந்துவிடுவான். 12 வயதில் மகன் நெடுத்து வளர்ந்திருந்தால் இந்த இரண்டும் ஒரு வருடத்தில் சிறுத்துவிடும். சி.இசட். 457 ஸ்கவுட் ரைபிளில் பிடங்கிலிருந்து விசைக்கு 12 அங்குலம். பிறகு பெரிய பிடங்கை மாற்றிப் பூட்டலாம். செலவு கூட, ஆனால் ஒரே தடவை.

ரவை 40 கிரெய்ன் (2.6 கிராம்), ஒலி வேகத்துக்குக் குறைந்த ‘ஸ்டாண்டர்ட்’ வகை. செக்கனுக்கு 330 மீற்றர் அளவு. வேகம் கூடியதை வாங்கத் தேவையில்லை, 50 மீற்றரில் சிதறல்தான் கூடும். சின்ன ரவை என்று எண்ண வேண்டாம். அந்தப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் போகும் என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கும். தட்டையான தண்ணீரில் பட்டால் மூழ்காது, துள்ளிப் போகும். அங்குள்ள ஏரிக்கரைக் குடில்களுக்குப் போகும்போது இதை மறக்கக்கூடாது. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது.

இரண்டு கோளாறுகளை வாங்கும் நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். விசையை இழுத்து ‘கிளிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் போல்ட்டைத் திறக்கக்கூடாது. குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 செக்கன் பொறுக்க வேண்டும், மருந்து பிந்திப் பற்றக்கூடும். வழமையான வெடிக்குப் பதில் ‘பொத்’ என்று மந்தமான சத்தம் கேட்டால் ரவை குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததை ஏற்றாமல் கையை உயர்த்திப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். அடைத்த குழலில் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், சிலவேளை வெடிக்கும்.

வீட்டில் ரைபிள் வெறுமையாக, பூட்டிய இரும்பு அலுமாரியில் இருக்க வேண்டும். ரவை வேறு பூட்டில். சாவி இருக்கும் இடம் மகனுக்குத் தெரியக்கூடாது. சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்க விடாதீர்கள். ரவையில் மட்டுமல்ல, பற்றவைக்கும் மருந்திலும் ஈயம் உண்டு.

கேள்வி: வலக்கைப் பழக்கமுள்ள என் மகன் இடக் கண்ணால் குறிபார்க்கிறான். வலக் கண்ணை வற்புறுத்தலாமா?
– மூதூர் வாசகர்

பதில்: முதலில் அது உண்மைதானா என்று பாருங்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சின்ன முக்கோண ஓட்டை ஒன்றை அமைத்து, இரண்டு கண்ணும் திறந்தபடி சுவர்க் கடிகாரத்தை அதனூடாகப் பார்க்கச் சொல்லுங்கள். இடக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதா? அப்படியானால் இடக் கண்தான் முந்தும் கண். வேறு வேறு நேரத்தில் மூன்று தரம் பாருங்கள், பிள்ளைகளுக்கு மாறி மாறி வரும்.

உறுதியானால், இன்னும் ரைபிள் பழகாத பிள்ளையை இடத்தோளிலேயே தொடங்கவிடுவது நல்லது. கை ஓரிரு மாதத்தில் பழகிவிடும், கண் பழகாது. ஏற்கெனவே வலத்தோளில் பழகியவனென்றால் இடக் கண்ணுக்கு முன்னே பால்நிற மறைப்பு ஒன்றைப் பூட்டலாம். போட்டி விதிப்படி அகலம் 30 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. கண்ணை இறுக்கி மூடச் சொல்லாதீர்கள், திறந்திருக்கும் கண்ணும் சேர்ந்து களைத்துவிடும். கறுப்பு மறைப்பும் வேண்டாம், வெளிச்சம் போக வேண்டும்.

இன்னொன்று: குழலின் நுனியிலுள்ள வளைய முன்குறியில் சின்ன வளையம் போட்டால் துல்லியம் கூடும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். 10 மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கின் நடுக் கறுப்பு 30.5 மில்லிமீற்றர். வளையத்தினூடாகப் பார்க்கும்போது அதைச் சுற்றித் தாராளமாக வெள்ளை தெரிய வேண்டும். 4 மில்லிமீற்றருக்குக் குறைந்த வளையம் தொடக்கத்தில் வேண்டாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் குரங்குத் தொல்லை. கழகத்தில் பழகும் மகனை எயார் ரைபிளால் விரட்டச் சொல்லலாமா?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: கூடாது. கழக ரைபிள் சுடுதளத்தை விட்டு வெளியே வரவே கூடாது. போட்டி பெலட் குரங்கைக் கொல்லாது, காயப்படுத்தும். காயப்பட்ட குரங்கு கூட்டத்தோடு திரும்பி வரும். பறவைகளையும் சுட விடாதீர்கள், பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும்.

கேள்வி: எங்கள் கழகத்தின் ரைபிள்கள் காற்றுச் சிலிண்டர் வகை. நிலாவெளியில் சுழியோடல் நடத்துபவர்களிடம் காற்று நிரப்பலாமா? உப்புக்காற்றில் துருவும் பிடிக்கிறது.
– கழகப் பொறுப்பாளர், சாம்பல்தீவு

பதில்: நிரப்பலாம். அவர்கள் அடைக்கும் மூச்சுக்காற்று வடிகட்டி உலர்த்தியது, கைப்பம்பைவிட எவ்வளவோ நல்லது. ஒட்சிசன் கலந்த சிலிண்டரா என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள், சுழியோடிகள் அதையும் பாவிப்பார்கள். ஒட்சிசன் கூடிய காற்று எண்ணெய்த் தடம் உள்ள இணைப்பில் பட்டால் தீப்பற்றும். சாதாரணக் காற்று மட்டும்.

சுழியோடும் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அழுத்தம் 200 பார். ரைபிள் சிலிண்டரை அதற்கு மேல் நிரப்ப முடியாது. தாய்ச் சிலிண்டர் 160க்கு இறங்கினால் உங்களுக்கும் 160தான் ஏறும். அதிலும் குறை இல்லை, ரைபிள் 70, 80 பார் வரை ஒரே வேகத்தில் சுடும். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திறந்தால் சிலிண்டர் சூடேறி, ஆறியபின் அளவு இறங்கிக் காட்டும். வாடைக்காலம் தொடங்கினால் நிலாவெளியில் பலர் கடையை மூடிவிடுவார்கள், ஆகவே செப்டெம்பரிலேயே ஒரு பெரிய சிலிண்டரை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். ரைபிள் சிலிண்டரின் உடலில் பொறித்த திகதியையும் பாருங்கள். வழமையாக 10 வருடம்தான் தவணை. தவணை கடந்ததைப் பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது.

துருவுக்குக் காரணம் பெரும்பாலும் காற்றைவிடப் பெட்டிதான். பஞ்சு வைத்த பெட்டி வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்து, மூடியதும் இரும்புக்கே திருப்பிக் கொடுக்கும். பயிற்சி முடிந்ததும் வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்து, அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்துங்கள். எண்ணெய் வெளியே மட்டும். குழலுக்குள் போனால் முதல் சில சூடுகள் அங்குமிங்கும் போகும், காற்று வால்வுக்குள் போனால் ரப்பர் வளையம் ஊதிவிடும். குழலைச் சுத்தம் செய்யக் கம்பளிப் பெலட் இரண்டைச் சுட்டாலே போதும். கம்பியால் பிரஷ் போடுபவர்கள் குழலின் வாயைத் தேய்த்துக் கெடுப்பார்கள்.