நடுக்கம் தானாக நின்றால் கவனம்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 62 வயது. மாரியிலும் இராவில் வாவிக்குள் இறங்கி வலை போடுவார். விடியப்புறம் விறைத்து, நடுங்கிக்கொண்டு வருவார். "சூட்டுக்கு" என்று கொஞ்சம் சாராயம் எடுப்பார். நம்மட ஊர்க் குளிருக்கு இப்படி நடுங்குமா? சாராயம் நல்லதா?

பதில்: நடுங்கும், தங்கச்சி. மார்கழி, தை இரவுகளில் மட்டக்களப்பில் குளிர் 23 பாகை அளவுதான். ஆனால் அப்பா நிற்பது தண்ணீருக்குள். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். மேலே நனைந்த சட்டை, அதில் வாடைக்காற்று வேறு.

உடம்பின் உள்சூடு சுமார் 37 பாகை. அதைக் காப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலமஸ். குளிர் பட்டதும் அது தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூடான இரத்தத்தை இதயம், மூளை பக்கமாக ஒதுக்கும். விரல்நுனி வெளிறி, வலையில் மாட்டிய இறாலைக் கழற்றக்கூட முடியாமல் மரத்துப்போவது இதனால்தான். உள்ளே இரத்தம் கூடுவதால் சிறுநீரும் அடிக்கடி வரும். குழாய்களைச் சுருக்கியும் சூடு போதாவிட்டால் ஹைப்போதலமஸ் தசைகளை நடுங்க வைக்கும். நடுக்கம்தான் உடம்பு மூட்டும் அடுப்பு. அதற்கு விறகு சாப்பாடு. வெறும் வயிற்றோடு அவரை அனுப்பாதீர்கள். வயது போகப்போக இந்த வேலைகள் எல்லாம் மந்தமாகும்.

சாராயம் வேண்டவே வேண்டாம். உடம்பு பாடுபட்டு மூடிய குழாய்களை அது திறந்துவிடும். தோலுக்கு இரத்தம் பாய்வதால் சூடு ஏறியது போல இருக்கும். அந்தச் சூடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. நடுக்கத்தையும் அது குறைத்துவிடும்.

வந்ததும் முதலில் ஈர உடுப்பைக் கழற்றச் சொல்லுங்கள். தலையைத் துவட்டி, காய்ந்த சாரமும் போர்வையும் கொடுத்து, சீனி கூடப் போட்ட இஞ்சிப் பிளேன்டீ கொடுங்கள். கைகால்களை அழுத்தித் தேய்க்கவோ நெருப்பில் காட்டவோ வேண்டாம். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. தோணியில் ஒரு மாற்றுச் சட்டையைப் பொலித்தீன் பையில் கட்டி வைக்கலாம்.

உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, கால் தள்ளாடினால் உள்சூடு 35 பாகைக்கும் நன்றாகக் கீழே போயிருக்கலாம். அசைக்காமல் படுக்க வைத்து, போர்த்தி, 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம்.

உலர்ந்து போர்த்திய பிறகும் நடுங்கி, உடம்பு சுட்டால் அது காய்ச்சல். மாரியில் டெங்கும் எலிக்காய்ச்சலும் உண்டு. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.