பழைய கெப், லொறிகளில் ஏசி குளிரவில்லை: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து: அண்ணா, 97 ஹைலக்ஸ் டபுள் கெப். மார்ச்சில் காஸ் அடித்தேன். மே மாதமே சூடான காற்று வருகிறது. கராஜில் "காஸ் முடிஞ்சுது, திரும்ப அடிப்பம்" என்கிறார்கள். அடிக்கவா?

வேண்டாம் தம்பி. காஸ் என்ன, பெற்றோலா எரிந்து தீர? மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியது. இரண்டு மாதத்தில் போய்விட்டதென்றால் ஓட்டை பெரிது. அடைக்காமல் அடிக்கும் காஸ் காற்றில்தான் போகும்.

காஸ் கசியும் இடத்தில், காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசரின் எண்ணெயும் சேர்ந்து வரும். டோர்ச் அடித்துப் பாருங்கள்: கொம்பிரசரைச் சுழலவிடும் காந்தக் கிளட்சுக்குப் பின்னால் கொம்பிரசரின் மூக்கு, குழாய் மூட்டுகள், காஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் கீழ் மூலைகள், சர்வீஸ் வால்வு மூடிகள். பிசுக்கில் தூசு ஒட்டிக் கறுத்திருந்தால் அங்கே சந்தேகம். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் குழைத்து பிரஷ்ஷால் தடவுங்கள். சிறு கசிவில் குமிழி வர ஒரு நிமிடமும் எடுக்கும், அவசரப்படாதீர்கள். உள்ளே 50 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்தால் போதும். காலியாக இருந்தால் ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ நைட்ரஜன் ஏற்றுங்கள். டயர் காற்று ஈரத்தைக் கொண்டுபோகும். ஒட்சிசன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அதைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.

வெளியே ஒன்றும் அகப்படாவிட்டால் டாஷ்போர்ட்டுக்குள் இருக்கும் கூலிங் கொயில். உங்கள் வண்டியில் ஓடும் 134ஏ என்ற காஸ் காற்றைவிடக் கனமானது, தாழ இறங்கும். வண்டியை நிறுத்திப் பதினைந்து நிமிடம் கழித்து, தண்ணீர் வடியும் குழாயின் வாயில் லீக் டிடெக்டரைப் பிடியுங்கள். முகத்துவாரம், வெள்ளவத்தைக் கடலோரத்தில் நிற்கும் வண்டியென்றால் கண்டென்சரைத்தான் முதலில் பார்ப்பேன். உப்புக்காற்று அலுமினியத்தை அரித்துவிடும்.

தெமட்டகொடையிலிருந்து: ஏசி குழாயில் அழுத்தக் கேஜ் போட்டேன். நிறுத்தியிருக்கும்போது இரண்டு பக்கமும் 95 பிஎஸ்ஐ. ஓடும்போது லோ (கொம்பிரசர் உறிஞ்சும் பக்கம்) 70, ஹை (தள்ளும் பக்கம்) 110.

30 பாகை வெயிலில் 95 சரியான அளவுதான். ஆனால் உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே அந்த அளவு காட்டும். காஸ் நிறைய இருக்கிறதென்று அர்த்தமில்லை. ஓடும்போது லோ 30–40, ஹை 200–240 வர வேண்டும். கிளட்ச் பிடித்துச் சுழல்கிறதென்று கண்ணால் பார்த்துவிட்டீர்களென்றால், கொம்பிரசர் அமுக்கவில்லை, உள் வால்வு தேய்ந்துவிட்டது. இரண்டும் குறைவென்றால் காஸ் குறைவு. லோ பூச்சியத்துக்குக் கீழே போனால் கூலிங் கொயிலுக்குள் காஸை அளவாக விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு, அல்லது ஈரம் ஐஸாகிவிட்டது.

கிராண்ட்பாஸிலிருந்து: 24 வோல்ட் லொறி. அரை மணி நேரம் குளிரும், பிறகு கிளட்ச் விட்டுவிடும். ஆறினால் திரும்பப் பிடிக்கும்.

கிளட்சின் இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீற்றர். தேய்ந்து தேய்ந்து 0.8, 1 என்று போயிருக்கும். கிளட்சின் காந்தக் கொயில் சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் கூடி, காந்தம் பலவீனமாகும். அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடியாது. நடு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே மெல்லிய வாஷர்கள். ஒன்றை எடுத்துவிட்டு இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதற்காகக் கொம்பிரசரையே மாற்றிவிடுகிறார்கள் என்பதுதான் வேதனை. அந்தக் கொயிலின் ரெசிஸ்டன்ஸையும் மீற்றரில் பாருங்கள்: 24 வோல்ட்டுக்குச் சுமார் 14 ஓம், 12 வோல்ட்டுக்கு 3–4.

வெள்ளவத்தையிலிருந்து: காலி வீதி நெரிசலில் சூடு, ஓடினால் குளிர். ஏன் அண்ணா?

கண்டென்சருக்குக் காற்றுப் போதவில்லை, தங்கச்சி. நின்றபடி எஞ்சின் ஓடட்டும், கண்டென்சர்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஹை பக்கம் 320இலிருந்து 230க்கு இறங்கிக் குளிர் திரும்பினால் அதுதான். விசிறியின் கப்ளிங், விசிறியைச் சுற்றியுள்ள உடைந்த கூடு (ஷ்ரவுட்), தகடுகளில் அடைந்த மண் மூன்றையும் பாருங்கள்.

மட்டக்குளியிலிருந்து: காஸ் ஏற்றுமுன் குழாயின் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க, பழைய ஃப்ரிட்ஜ் கொம்பிரசரால் வாக்குவம் பிடிக்கலாமா?

நம்ப முடியாது. 30 பாகையில் தண்ணீர் ஆவியாக 28.7 அங்குலத்துக்கு மேல் வாக்குவம் வேண்டும். கொழும்பின் ஈரக்காற்று புகுந்த குழாய்க்கு அரைகுறை வாக்குவம் உதவாது. சரியான பம்ப்பை 45 நிமிடம் ஓட்டுங்கள், வால்வை மூடி அரை மணி நேரம் முள்ளைப் பாருங்கள். ஏசி குழாயைத் திறந்த வண்டிக்குப் புது டிரையர் (ஈரம் உறிஞ்சும் டப்பா) கட்டாயம், ஓரிங்குகள் பச்சை நிறத்தில் 134ஏக்கு உரியவை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எடுக்கும்போது டிரையரின் இரண்டு மூடியும் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். மூடி இல்லாதது ஏற்கெனவே ஈரம் குடித்தது. பொனட் லேபலில் உள்ள கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து ஏற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது கேஜின் ஹை வால்வைத் திறந்தால் கேன் வெடிக்கும்.

அதே வண்டிக்காரர்: 88 மொடல், ஆர்12 என்ற பழைய வகைக் காஸ். அதற்குள்ளேயே 134ஏ ஏற்றலாமா?

ஏற்றலாம். பழைய மினரல் எண்ணெய் 134ஏயோடு கலக்காது. முடிந்தவரை வடித்து எஸ்டர் எண்ணெய் ஊற்றுங்கள். ஆர்12 அளவின் 80–85 சதவீதம் போதும். சமையல் காஸ் மட்டும் வேண்டாம், கூலிங் கொயில் கசிந்தால் கெபினுக்குள்தான் நிரம்பும்.

ஒரு சகோதரி: இடது பக்கம் காலில் தண்ணீர் சொட்டுகிறது.

வடிகுழாய் அடைப்பு. வண்டிக்கு அடியில் குழாயின் வாயிலிருந்து மெல்லிய நைலோன் கயிறை மேல்நோக்கி விட்டுச் சுழற்றுங்கள். கம்பி வேண்டாம், கொயிலைக் குத்திவிடும்.