காயாஞ்செடியைப் பிடுங்க வேண்டாம், பழத்தைப் பொறுக்குங்கள்

பொன்னேரி பக்கம் ஒரு கோயில் காட்டில் பார்த்த காயா என்கிற நீலப்பூச் செடியை வேரோடு எடுத்து வந்து தண்டையார்பேட்டை மொட்டைமாடித் தொட்டியில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க. வளர்ந்த செடியைப் பிடுங்கினால் பிழைப்பது கஷ்டம், அதோடு இந்தக் கடற்கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடே (வறண்ட மாதங்களிலும் பச்சையாகவே நிற்கும் காடு) இப்போது கோயில் காடுகளிலும் கிண்டி, ஸ்ரீஹரிகோட்டா மாதிரி சில இடங்களிலும் துண்டு துண்டாகத்தான் மிச்சம் இருக்கிறது, அதிலிருந்தும் ஒன்றை உருவுவானேன்?

முதலில் அது காயாதானா என்று பாருங்கள். இலை எதிரெதிராக, தடிப்பாக, பக்க நரம்பு எடுப்பாகத் தெரியாமல் இருக்கும். பூ இலைக்கக்கத்திலும் இலை உதிர்ந்த பழைய குச்சியிலும் கொத்துக் கொத்தாக, மயில் கழுத்து நீலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கறுத்துப் பழுத்த பழம் கீழே கிடந்தால் பூசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நாலைந்து பொறுக்குங்கள். சதையைக் கழுவி உடனே விதைத்துவிட வேண்டும், காயவைத்து டப்பாவில் போட்டால் முளைக்காது.

செம்மண், மணல், கொஞ்சம் இலை மக்கு, அரை நிழல், அவ்வளவுதான். அப்புறம் தண்ணீர்தான் நம்ம ஏரியாவில் தொல்லை: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றாதீர்கள், மெட்ரோ வாட்டரோ பிடித்துவைத்த மழைநீரோ ஊற்றுங்கள். ரொம்ப மெதுவாக வளரும், பூவுக்குச் சில வருடமாவது காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் நந்தியாவட்டை வைத்துக்கொள்ளுங்கள், கோவிக்காதீர்கள்.