சிறைக்கு அனுப்பிய நீதிபதி மீது நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் தம்பி ஒரு வீட்டில் நகை திருடியதாக இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 380-ஆவது பிரிவில் கைது செய்யப்பட்டு ஒன்பது மாதம் சிறையில் இருந்தான். ஜாமீனில் வந்து இரண்டு வருடம் ஆகிறது. எட்டு மாதத்துக்கு முன் நீதிமன்றம் அவனை விடுதலை செய்துவிட்டது. அன்று அவனை ரிமாண்ட் செய்த நீதிபதி மீதே வழக்குப் போட்டு 25 லட்சம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செலவுக்கு முன்பணம் 2 லட்சம் வேண்டுமாம்; வருவதில் மூன்றில் ஒரு பங்கும் அவருக்காம். பணம் கட்டலாமா? (வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்: கட்ட வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில், 1850-இல் இயற்றப்பட்ட நீதித்துறை அலுவலர்கள் பாதுகாப்புச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நீதிபதி தம் கடமையின்போது, தமக்கு அதிகாரம் உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பிப் பிறப்பித்த உத்தரவு தவறாகவே இருந்தாலும், அதற்காக அவரிடம் நஷ்ட ஈடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம். 1985-இல் வந்த நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம் இந்தக் காப்பைக் குற்றவியல் வழக்குகளுக்கும் விரித்தது. உங்களை அணுகியவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கவசமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தோற்றவரெல்லாம் நீதிபதியைக் கூண்டில் ஏற்றலாம் என்றால், காவல்துறைக்குப் பிடிக்காத ஜாமீன் உத்தரவில் கையெழுத்திட எந்த நடுவருக்கும் (மாஜிஸ்திரேட்) துணிவு வராது. ஆனால் யோசித்துத் தவறிய உத்தரவுக்கும், படிக்காமலேயே குத்தப்பட்ட ரப்பர் முத்திரைக்கும் ஒரே கவசம் கிடைப்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சாத்தான்குளத்தில் 2020-இல் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, காயங்களோடு இருந்தவர்களை ரிமாண்ட் செய்த விதம் குறித்து நாடே கேள்வி கேட்டது.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இடைத்தரகர்கள் காட்டும் பழைய தீர்ப்புகள் அனேகமாக இந்த வகையைச் சேர்ந்தவை. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பது நீதித்துறைக் கடமையை மட்டுமே, அந்த நாற்காலியில் இருப்பவர் செய்யும் எல்லாவற்றையும் அல்ல. அசாமில் நிர்வாக அதிகாரியாகவும் நடுவராகவும் இருந்த ஒருவர் பிறப்பித்த கைது உத்தரவு, நடுவர் என்ற முறையில் பிறப்பிக்கப்பட்டதல்ல, நிர்வாக அதிகாரி என்ற முறையில் பிறப்பிக்கப்பட்டது என்று கூறி, 1965-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பை மறுத்தது. மேல்முறையீட்டில் விடுதலையானவர்களைப் பிடிக்கவே கவனமின்றி வாரண்டில் கையெழுத்திட்ட ஒரு நீதித்துறை அலுவலரை 1971-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பொறுப்பாக்கியதும் இதே அடிப்படையில்தான். எவரைப் பிடிப்பது என்று முடிவு செய்வது நீதித்துறைச் செயல், அந்த முடிவை வாரண்டாக எழுதி அனுப்புவது அலுவலகச் செயல். நம் ஊரில், ஒழுங்காக நடப்பேன் என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கும் கோட்டாட்சியர்கள் நிர்வாக அதிகாரி, நடுவர் என்ற இரு பொறுப்போடும் உட்கார்ந்திருப்பதும் இந்த எல்லைக்கோட்டின் மேல்தான். இவ்வளவும் சொன்ன பிறகும், உங்கள் தம்பியை ரிமாண்ட் செய்தவர் நீதித்துறை நடுவர். செய்த செயலும் நீதித்துறைச் செயல். எனவே இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது.

திறக்கக்கூடிய கதவு அரசுடையது. பீகாரில் 1968-இல் விடுதலை பெற்றும் 1982 வரை சிறையிலேயே வைக்கப்பட்டிருந்த ருதுல் சாவுக்கு, 1983-இல் உச்ச நீதிமன்றம் 35,000 ரூபாய் தரச் சொன்னது. பதினான்கு வருடத்துக்கு அந்தத் தொகை போதுமா என்பது வேறு விஷயம். அரசியல் சாசன உரிமை மீறப்பட்டால் நீதிமன்றமே அரசை நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லலாம் என்ற வழி அதில் திறந்தது. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 2018-இல் 50 லட்சம் கிடைத்ததும் அந்த வழியில்தான். ஆனால் தரகர்கள் நம்பி நாராயணனின் பெயரைச் சொல்வார்கள், குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கைச் சொல்லமாட்டார்கள். அந்த வழக்கில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்கள் உட்பட ஆறு பேரை 2014-இல் உச்ச நீதிமன்றமே விடுதலை செய்தது; அவர்களில் சிலர் நஷ்ட ஈடு கேட்டபோது, இது தவறான முன்னுதாரணமாகிவிடும் என்று 2016-இல் அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. விடுதலை ஆனதாலேயே பணம் வராது. காவல் சட்ட விரோதமானது என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இப்போது அவசரமான விஷயத்துக்கு வருகிறேன். சட்ட விரோதமாக அடைத்து வைத்ததற்காக உரிமையியல் வழக்குப் போட, அடைப்பு முடிந்த நாளிலிருந்து ஒரே ஒரு வருடம்தான் காலவரம்பு. தம்பி வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அது போய்விட்டது. தீய நோக்குடன் பொய் வழக்குத் தொடர்ந்ததற்கான நஷ்ட ஈட்டு வழக்குக்கும் ஒரு வருடம்தான், ஆனால் அது விடுதலையான நாளிலிருந்து கணக்கிடப்படும். அதில் உங்களுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. காவல் அதிகாரியையோ அரசையோ சேர்ப்பதானால் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதம் காலவரம்பில் கழித்துக்கொள்ளப்படும் என்றாலும், அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். முன்பணம் வாங்கியவர்கள் "மனு தயாராகிறது" என்று சொல்லிச் சொல்லியே இந்த ஒரு வருடத்தைத் தின்றுவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். என்னிடம் வழக்குக் கட்டு வந்து சேரும்போது அதில் செய்வதற்கு எதுவும் மிச்சம் இருப்பதில்லை.

அந்த வழக்கு வெல்லுமா என்பது தீர்ப்பின் கடைசி இரண்டு பக்கங்களில் இருக்கிறது. "சந்தேகத்தின் பலனை அளித்து" என்று எழுதியிருந்தால் பாதை கரடுமுரடானது. புகார்தாரர் தெரிந்தே பொய் சொன்னார், நகையைக் கைப்பற்றியதாகக் காட்டியது நம்பத்தக்கதல்ல என்பது போன்ற முடிவுகள் இருந்தால், காரணமின்றித் தீய எண்ணத்தோடு வழக்குத் தொடர்ந்தார்கள் என்று வாதிட இடம் உண்டு.

அந்த நீதிபதிக்கு எதுவுமே ஆகாதா என்ற உங்கள் ஆத்திரம் நியாயமானது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்றம் தன் கீழுள்ள நீதிபதி மீது துறை நடவடிக்கை எடுப்பதைத் தடுக்கவில்லை. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் அவசியம் என்று காவல்துறை எழுதிய காரணங்களைப் பார்த்து, தன் காரணத்தையும் பதிவு செய்யாமல் ரிமாண்ட் செய்யும் நடுவர் மீது உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 380-ஆவது பிரிவுக்கு உச்சத் தண்டனை ஏழு ஆண்டு என்பதால் அது உங்கள் தம்பிக்குப் பொருந்தும். இது வெறும் மிரட்டலும் அல்ல. ஜாமீன் குறித்த தன் தீர்ப்புகளை மதிக்காத உத்தரப் பிரதேச அமர்வு நீதிபதி ஒருவரிடமிருந்து நீதித்துறைப் பணியைப் பறித்து, பயிற்சிக்கு அனுப்பும்படி 2023-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆகவே நாளைக்கே நகல் மனு போட்டு, முதல் தகவல் அறிக்கை, ரிமாண்ட் அறிக்கை, முதல் ரிமாண்ட் உத்தரவு, காவல் நீட்டிப்பு உத்தரவுகள், ஜாமீன் உத்தரவுகள், தீர்ப்பு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். ரிமாண்ட் உத்தரவில் தம்பியின் பெயரும் தேதியும் மட்டும் பேனாவால் நிரப்பப்பட்டு, மற்றதெல்லாம் அச்சடித்த வாசகமாக இருக்கிறதா என்று பாருங்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியையும் பாருங்கள். இந்த வழக்கில் அறுபது நாளுக்குள் அது வராதிருந்தால் தம்பிக்குக் கட்டாய ஜாமீன் உரிமை பிறந்திருக்கும். அதை அவனுக்கு எடுத்துச் சொல்லும் கடமை நீதிமன்றத்துக்கே உண்டு என்பது 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இத்தனை ஓட்டமும் பாதிக்கப்பட்டவர் தலையில் விழுவதற்குக் காரணம், நிரபராதிக்கு நஷ்ட ஈடு தரும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லாததுதான். 1979-இல் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இணைந்தபோதே, சட்ட விரோதக் கைதுக்கு அரசிடம் நஷ்ட ஈடு கேட்கும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று அரசு எழுதிக் கொடுத்துவிட்டது. 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் இதற்கெனத் தனி நீதிமன்றங்களும் சட்டமும் வேண்டும் என்றது. அதன் பிறகு குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் பெயர் உட்பட மாற்றியவர்கள், காரணமின்றிக் கைது செய்ய வைத்தவரிடம் நடுவர் வாங்கித் தரக்கூடிய உச்சத் தொகையை மட்டும் ஆயிரம் ரூபாயாகவே விட்டுவைத்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கு இன்று நகல் எடுக்கும் செலவே கட்டுபடியாகாது!

உங்களை அணுகியவர் வழக்கறிஞர்தானா என்று முதலில் கேளுங்கள். வழக்கறிஞர் என்றால், வருவதில் பங்கு பேசுவதே பார் கவுன்சில் விதிகளுக்கு முரணானது. அங்கே புகார் செய்யலாம். காரில் "மனித உரிமை" என்று பலகை மாட்டி, அரசு முத்திரை போன்ற ஒன்றை அடையாள அட்டையில் அச்சிட்டிருப்பவர் என்றால் பேச்சையே வளர்க்காதீர்கள். முன்பணமாக ஏதேனும் கொடுத்திருந்தால் ரசீது கேட்டு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். வருமான வரம்புக்குள் தம்பி வந்தால் வழக்கறிஞர் செலவே இராது.

நடுவர் மீதான புகாரை, நகல்கள் கைக்கு வந்த பின், தம்பியின் கையொப்பத்தோடும் உறுதிமொழிப் பத்திரத்தோடும் உயர் நீதிமன்றத்தின் விழிப்புப் பணிப் பதிவாளருக்கு அனுப்புங்கள். அதில் வசவு வேண்டாம். எந்தத் தேதி உத்தரவில் எந்தக் காரணம் எழுதப்படவில்லை என்பதை மட்டும் எழுதுங்கள். அந்தப் புகாரிலிருந்து உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. நஷ்ட ஈட்டுக்கான வழக்கை நான்கு மாதத்துக்குள் தனியாகத் தாக்கல் செய்தாக வேண்டும்.