லீஸ் பணத்தை வாங்கிக்கொண்டு வியட்நாம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 32, திருமணம் ஆகவில்லை. தொண்டையார்பேட்டையில் அம்மாவுடன் 7 லட்சம் ரூபாய் லீஸ் வீட்டில் இருக்கிறேன். வெளிநாட்டுச் சிறு கடைகளுக்கும் பல் மருத்துவர்களுக்கும் வெப்சைட் செய்து, மாதாமாதம் பராமரித்தும் தருகிறேன். மாதம் சராசரியாக 1.5 லட்சம் வருகிறது. சாஃப்ட்வேர் சந்தா, உதவிக்கு ஒரு பையன் என்று 25,000 செலவு. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் எங்கிருந்தும் இந்த வேலையைச் செய்யலாம். வீட்டைக் காலி செய்துவிட்டு, வியட்நாம், தாய்லாந்து, மலேசியா என்று மாறி மாறி எளிமையாக வாழ ஆசை. அம்மா திருவொற்றியூரில் அக்கா வீட்டில் இருப்பார். லீஸ் பணம் பயணத்துக்கு ஆகும். சேமிப்பு 3 லட்சம், எஸ்ஐபி 15,000. 5 லட்சம் சீட்டு ஒன்று (20 மாதம்) எடுத்துவிட்டேன், 11 தவணை பாக்கி. என்ஆர்ஐ ஆகிவிட்டால் வரியே இல்லை என்கிறார்கள், உண்மையா? கிளம்பும் முன் புது லேப்டாப்பை இஎம்ஐயில் எடுக்கலாமா?

பதில்: தம்பி, போகலாம். உங்கள் வருமானத்துக்கு இது பேராசை இல்லை. ஆனால் லீஸ் பணத்தைத் தொடாமல், என்ஆர்ஐ ஆகாமல் போங்கள்.

என்ஆர்ஐ விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். யூடியூபில் அதிகம் குழப்புவது இதைத்தான். ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிக் கணக்கில் நீங்கள் ரெசிடென்ட், அதாவது இங்கே வசிப்பவர். அதில் பேச்சே இல்லை. 60 நாளுக்கும் 182 நாளுக்கும் நடுவில் விழுந்தால்தான் வம்பு. முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்தவர், இந்த ஆண்டு 60 நாள் இருந்தாலே ரெசிடென்ட் என்பது பொது விதி. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் இந்தியக் குடிமகனுக்கு அந்த 60, 182 ஆகிறது. டூரிஸ்ட் விசாவில் ஊர் ஊராகப் போகிறவர் 'வேலைக்குப் போனவரா' என்று அதிகாரி கேட்டால், விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சரி, என்ஆர்ஐ ஆகிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வரி இல்லையா? வெளிநாட்டில் உட்கார்ந்து சம்பாதித்து, வெளிநாட்டிலேயே வாங்கிக்கொண்ட பணத்துக்கு இங்கே வரி இல்லை என்பது சரிதான். ஆனால் உங்கள் கிளையன்ட் அனுப்பும் பணம் நேராக எங்கே வந்து விழுகிறது? தொண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் பாங்க் கணக்கில். இந்தியாவில் கைக்கு வந்த வருமானத்துக்கு என்ஆர்ஐயும் இங்கே வரி கட்ட வேண்டும். வெளிநாட்டில் கணக்கு தொடங்கலாமே என்றால், மூன்று மாத விசாவில் வந்தவருக்கு அங்கே கணக்கு திறப்பது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. ரெசிடென்டுக்கு மட்டும் என்று சட்டம் வைத்திருக்கும் இரண்டு சலுகைகள் உங்களைப் போன்றவருக்குத்தான் பெரிய லாபம். முதலாவது, 44ஏடிஏ என்று நாம் பழகிய அனுமான லாபக் கணக்கு. தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட சில தொழில்களில் இருப்பவர், வரவில் குறைந்தது பாதியை லாபமாகக் காட்டலாம், கணக்குப் புத்தகம் வேண்டாம். வரம்பு ஆண்டுக்கு 50 லட்சம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். இரண்டாவது, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியைப் பூஜ்யமாக்கும் தள்ளுபடி. (2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறின. நம் ஆடிட்டர்கள் வாயில் 44ஏடிஏ இன்னும் பல வருஷம் இருக்கும்.)

உங்கள் எண்களைப் போட்டே பார்க்கலாம். ஆண்டு வரவு 18 லட்சம். ரெசிடென்டாக இருந்து பாதியைக் காட்டினால் 9 லட்சம். அதற்கு வரி 30,000 வரும், தள்ளுபடியில் அது கழிந்து பூஜ்யம். என்ஆர்ஐ ஆகி, அதே பணம் அதே கணக்குக்கு வந்தால்? செலவு 3 லட்சம் போக 15 லட்சம் லாபம். வரி 1,05,000, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 1,09,200 ரூபாய். கணக்குப் புத்தகமும் எழுத வேண்டும். வரியைத் தவிர்க்க நாட்டை விட்டுப் போய், இல்லாத வரியைக் கட்டுகிற கதை இது.

நீங்கள் அனுப்பும் பில்லில் 'வெப்சைட் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பராமரிப்பு' என்று வேலையைத் தெளிவாக எழுதுங்கள். வெறும் 'சர்வீஸ் சார்ஜ்' என்று எழுதினால், அந்தத் தொழில் பட்டியலில் நீங்கள் வருகிறீர்களா என்ற கேள்விக்கு நீங்களே வழி விடுகிறீர்கள். இதே பில்களை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆகவே ஒரு நிதியாண்டில் வெளியே இருப்பதை 150 நாளுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். விமானம் ரத்து, காய்ச்சல் என்று நாலு நாள் கூடினாலும் 182 பத்திரமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரைதான் சாட்சி. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள்.

அந்த நாடுகளுக்கும் தனியாக நாள் கணக்கு உண்டு. தாய்லாந்தில் 180 நாள், மலேசியாவில் 182, வியட்நாமில் 183 என்று தொட்டால் அவர்களுக்கு நீங்கள் வரி ரெசிடென்ட் ஆகலாம். தாய்லாந்து எண்ணுவது ஜனவரி முதல் டிசம்பர் வரை, நாம் எண்ணுவது ஏப்ரலில் இருந்து. அதனால் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணினாலும் ஒரே நாட்டில் 150 நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தத் தலைவலியும் இருக்காது.

விசாவைப் பொறுத்தவரை, வியட்நாமின் இ-விசா 90 நாள் வரை கிடைக்கும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் விடுகிறது, அந்தச் சலுகை 2026 இறுதி வரை. இவை சுற்றிப் பார்க்கத் தரும் அனுமதிகள். வெளிநாட்டுக் கிளையன்டுக்கு அறையில் உட்கார்ந்து வேலை செய்வதை யாரும் தேடி வந்து பிடிப்பதில்லை என்பார்கள், ஆனால் அனுமதி உண்டு என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கென்றே தனி விசாக்கள் இருக்கின்றன. தாய்லாந்தின் டிடிவி 2024 ஜூலையில் வந்தது. ஐந்து ஆண்டு செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள், கட்டணம் 10,000 பாட். ஆனால் கணக்கில் 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்ட வேண்டும், நம் பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். மலேசியாவின் டி ராந்தாவ் பாஸுக்கு, தொழில்நுட்ப வேலைக்காரர் ஆண்டுக்கு 24,000 டாலர் சம்பாதிக்க வேண்டும். உங்கள் வருமானம் அதன் வாசல் வரை வந்து நிற்கிறது. இன்னும் இரண்டு கிளையன்ட் பிடித்தால் உள்ளே போகலாம். எனக்கென்னவோ உங்களுக்கு பினாங்குதான் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. தமிழ் பேசியே காய்கறி வாங்கலாம்.

இனி லீஸ் பணம். அந்த 7 லட்சத்தைச் சேமிப்பாக நினைக்கிறீர்கள். அது உங்கள் வீடு, பணமாக மாறி ஓனரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் அதைச் செலவழித்துவிட்டு இரண்டு வருஷம் கழித்துத் திரும்பினால், அதே தெருவில் லீஸ் அதே 7 லட்சத்தில் நிற்காது. மெட்ரோ 2021-ல் விம்கோ நகர் வரை வந்த பிறகு அந்தப் பக்கத்து வீட்டு ஓனர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதோடு, பணம் நீங்கள் கேட்ட தேதியில் வரும் என்றும் நம்பாதீர்கள். 'அடுத்த ஆள் வரட்டும், அவர் கொடுத்ததும் தருகிறேன்' என்பதுதான் நம் ஊர் வழக்கம். டிக்கெட் போட்டுவிட்டு அந்த அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கக் கூடாது.

முதல் வருஷம் வீட்டைக் காலி செய்யவே வேண்டாம். லீஸ் வீட்டுக்கு வாடகை இல்லை, நீங்கள் இல்லாத மாதத்தில் கரண்ட் பில்லும் மெயின்டனன்ஸும்தான். உங்கள் பாங்க் கேஒய்சி, ஆதார், பான் எல்லாம் எந்த முகவரியில் இருக்கின்றன? நாளைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மாதத்துக்கு 17,000 கூடினாலே தாண்டிவிடும். பதிவுக்குத் தொழில் முகவரி கேட்பார்கள். பதிவு எடுத்த பிறகும் ஏற்றுமதி என்பதால் வரி கட்ட வேண்டியதில்லை. அப்படி வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழியான எல்யூடியை மட்டும் ஆண்டுக்கொருமுறை தாக்கல் செய்யுங்கள். ஆனால் முகவரி நிஜமாக இருக்க வேண்டும். அக்கா வீட்டு முகவரியைத் தருவதென்றால் மாமாவின் சம்மதக் கடிதமும் கரண்ட் பில்லும் வேண்டும்.

அம்மாவைக் கேட்டீர்களா? கடிதத்தில் 'அக்கா வீட்டில் இருப்பார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான்கைந்து மாதம் மகள் வீட்டில் இருப்பது ஒன்று. தனக்கென்று வீடே இல்லாமல் இருப்பது வேறு. இதற்கு ரூபாயில் கணக்குப் போட முடியாது, ஆனால் லீஸை விட வேண்டாம் என்று நான் சொல்வதில் பாதிக் காரணம் இதுதான்.

சீட்டைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். எடுத்த சீட்டு என்பது கடன். மாதம் 25,000 வீதம் 11 மாதம், 2,75,000 ரூபாய். ஜாமீன் கையெழுத்து யாருடையது? பெரும்பாலும் மாமாவுடையதாக இருக்கும். ஹனோயில் உங்கள் நெட் பாங்கிங் ஓடிபி வராமல் ஒரு தவணை தவறினால், சீட்டுப் பிடிப்பவர் வந்து நிற்பது அவர் வீட்டு வாசலில். ஆக, அம்மாவும் அக்கா வீட்டில், கடனும் அக்கா வீட்டில் என்று ஆகிவிடும். சீட்டு முடிந்த பிறகு கிளம்புங்கள். 11 மாதம் பொறுக்க முடியாதென்றால், அந்த 2,75,000-ஐ அம்மாவும் நீங்களும் சேர்ந்து வைத்த கணக்கில் போட்டு, தேதி தவறாமல் தானாகப் போகும்படி செய்துவிட்டுப் போங்கள். உங்கள் சேமிப்பு 3 லட்சத்தைப் பார்த்தால், முதல் வழிதான் உங்களுக்கு.

அந்த 11 மாதத்தில் என்ன செய்யலாம்? வரவில் தொழில் செலவு, சீட்டு, எஸ்ஐபி போக உங்களிடம் 85,000 மிஞ்சுகிறது. வீட்டுச் செலவுக்கு 40,000 போனாலும் மாதம் 45,000 ஒதுக்கலாம், கிட்டத்தட்ட 5 லட்சம். அதில் அம்மாவுக்கு ஆறு மாதச் செலவும், உங்களுக்கு எந்த நாளிலும் கிளம்பி வர ஒரு டிக்கெட் பணமும் லிக்விட் ஃபண்டிலோ எஃப்டியிலோ இருக்கட்டும். மீதிதான் பயணப் பணம். எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம்.

'மாதம் 40,000-ல் தனாங்' என்று அந்த வியட்நாம் நகரத்தைப் பற்றி வீடியோ போடுகிறவர்கள் பொய் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதுதான் அதிகம்: விசா முடிந்ததும் ஊர் மாறும் டிக்கெட், புது ஊரில் முதல் வார ஓட்டல் வாடகை, அறைக்குக் கொடுத்து முழுதாகத் திரும்ப வராத டெபாசிட், நெட் விழுந்த நாளில் கோ-வொர்க்கிங் கட்டணம். ஒரே ஊரில் 90 நாள் உட்காருகிறவருக்கு அது நிஜமாகவே மலிவு. 20 நாளுக்கொரு ஊர் என்று சுற்றுகிறவருக்குச் சென்னையே மலிவு. எளிமையாக வாழ வேண்டும் என்பவர் முதலில் குறைக்க வேண்டியது ஊர்களின் எண்ணிக்கையைத்தான்.

கார்டு விஷயத்திலும் பணம் சொட்டும். சாதாரண டெபிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு பாங்க் கூடுதலாகப் பிடிக்கும் மார்க்-அப் 3 சதவீதத்தை ஒட்டி, அதன் மேல் ஜிஎஸ்டி. மார்க்-அப் இல்லாத கார்டுகள் நம் பாங்குகளிலேயே இருக்கின்றன, விசாரித்து ஒன்று வாங்குங்கள். தாய்லாந்து ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கும், எடுப்பதை மொத்தமாக எடுங்கள். மெஷின் 'ரூபாயில் கழிக்கட்டுமா, உள்ளூர்ப் பணத்திலா?' என்று கேட்டால், பழகிய ரூபாயைப் பார்த்து விரல் தானாகப் போகும். உள்ளூர்ப் பணம் என்பதையே அழுத்துங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள். அப்புறம், உங்கள் சிம்மை ரோமிங் போட்டு உயிரோடு வையுங்கள். ஓடிபி வராவிட்டால் பாங்கில் எவ்வளவு இருந்தும் பயன் இல்லை.

வருமானம் முழுவதையும் ஒரே பேமென்ட் தளத்தின் வழியாக வாங்காதீர்கள். இதுவரை சென்னையில் திறந்த கணக்கு திடீரென்று வேறு நாட்டில் திறந்தால், சரிபார்க்கும் வரை பணத்தை நிறுத்தி வைக்கும் தளங்கள் உண்டு. பணம் நம்முடையது, எடுக்க முடியாது என்ற நிலை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 60-களில் பர்மாவிலிருந்து வியாசர்பாடிக்கு வந்து குடியேறியவர்களைக் கேட்டால் தெரியும், சம்பாதித்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். இரண்டு வழிகளில் வாங்குங்கள். மாதக் கடைசியில் எதிலும் தேங்காமல் இந்திய பாங்குக்கு வரட்டும். பணம் வந்ததற்கு பாங்க் தரும் சான்றைச் சேர்த்து வையுங்கள்.

தப்பித் தவறி அங்கே ஒரு கணக்கு தொடங்கினால், ரெசிடென்டான நீங்கள் அதை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். இருப்பு நூறு டாலராக இருந்தாலும் சரி. சுலபமான ஐடிஆர்-4 படிவமும் அப்போது செல்லாது. அதற்காகவே நான் வேண்டாம் என்பேன்.

இன்ஷூரன்ஸில் இரண்டு வேண்டும். பயண இன்ஷூரன்ஸை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். அது பைக் விபத்துக்குப் பொருந்துமா என்று படியுங்கள், அந்த ஊர்களில் எல்லாரும் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பார்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் இங்குள்ள ஹெல்த் பாலிசியை ஒரு வருஷம்கூட விடாதீர்கள். விட்டால் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும், அது மூன்று ஆண்டு வரை போகலாம். தனிநபர் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. அம்மாவுக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால் லேப்டாப்புக்கு முன் அதை எடுங்கள்.

லேப்டாப்பை 'தொழில் செலவில் கழித்துக்கொள்ளலாம்' என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். பாதி வரவைச் செலவு என்று சட்டமே எடுத்துக்கொண்ட பிறகு, உங்களுக்குத் தனியாகக் கழிக்க எதுவும் இல்லை. அதனால் அவசரமும் இல்லை. பழையது ஓடும் வரை ஓடட்டும். சீட்டு முடிகிற மாதத்தில், கையிருப்பிலிருந்து, உலக வாரண்டி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இஎம்ஐ வேண்டாம்.