வாசகர் கேள்வி – பதில்: மலைக்கு மேலே ஸ்டோல் பழகலாமா?

கேள்வி: நான் மலையகத்து ஹட்டனைச் சேர்ந்தவள், இரத்மலானையில் விமானப் பயிற்சி பெறுகிறேன். எஞ்சின் வலுவுடன் ஸ்டோல் பழகும்போதெல்லாம் இடது இறக்கை சரிகிறது. நான் விமானத்தைச் செலுத்தும் கைச்சில்லை வலப்பக்கம் திருப்பிவிடுகிறேன், போதனாசிரியர் கண்டிக்கிறார். இதை எப்படித் திருத்துவது? எங்கள் ஊர்ப் பக்கம் பறக்கும்போதும் இதைப் பழகலாமா?

பதில்: போதனாசிரியர் கண்டிப்பது நியாயமே. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையை, சிறிய பயிற்சி விமானங்களில் ஏறத்தாழ 15 முதல் 18 பாகையை, தாண்டும்போது, அதன் மேற்பரப்பைத் தழுவி ஓடிய காற்று பிரிந்து தூக்குவிசை குறைவதே ஸ்டோல். அந்நேரத்தில் நீங்கள் சில்லை வலப்பக்கம் திருப்பினால் இடது இறக்கையின் பின்விளிம்பிலுள்ள எய்லரன் எனும் மடல் கீழிறங்கி, ஏற்கெனவே எல்லை தாண்டிய இறக்கையின் கோணத்தை மேலும் கூட்டுகிறது. இழுவையும் கூடுவதால் மூக்கு இடப்பக்கம் திரும்பி, ஸ்பின் எனப்படும் சுழல்வீழ்ச்சிக்கு வழி பிறக்கிறது.

ஆனால் கைக்கு முன்பே கால் பிந்திவிடுகிறது என்றே கருதுகிறேன். பெரும்பாலான பயிற்சி விமானங்களின் புரொப்பெல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்க்கையில் வலஞ்சுழியாகச் சுழல்வதால், வலு மிகுந்து, வேகம் குறைந்து, மூக்கு உயர்ந்திருக்கும்போது விமானம் இடப்பக்கம் திரும்பவே முயலும். வேகம் குறையக் குறைய வலது ரடரின் (காலால் இயக்கும் வால் சுக்கானின்) அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். விமானம் பக்கவாட்டில் வழுக்குவதைக் காட்டும் திருப்பமானியின் குண்டு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துக் காலை அழுத்துங்கள். குண்டு நடுவில் நின்றால் இறக்கை சரிவது பெரிதும் குறையும்.

இன்னொன்று, பல மாணவர்கள் பயண வேகத்திலேயே மூக்கை உயர்த்தத் தொடங்கி, அடிவானமே தெரியாத அளவுக்கு வானத்தைப் பார்த்துத் தொங்குகிறார்கள். முதலில் இரு பக்கமும் திரும்பிச் சுற்றுப்புறத்தில் வேறு விமானம் இல்லையென உறுதிசெய்து, வேகத்தைத் தரையிலிருந்து எழும் வேகமளவுக்குக் குறைத்து, அதன் பின்னரே வலுவைக் கூட்டுங்கள். மீள்வதற்கு, முதலில் சில்லை முன்னே தள்ளிக் கோணத்தைக் குறையுங்கள். பிறகு முழு வலு, அதன் பின் இறக்கைகளைச் சமப்படுத்தல். அவசரப்பட்டு மீண்டும் இழுத்தால் இரண்டாவது ஸ்டோல் வந்துவிடும்.

மலையகத்துக்கு மேலே வேண்டாம். உயரமானி காட்டுவது கடல்மட்டத்திலிருந்தான உயரமே. நுவரெலியா நகரமே 6,100 அடிக்கு மேல் இருப்பதால், அங்கு மானி 7,000 எனக் காட்டும்போது உங்களுக்குக் கீழே 900 அடிகூட இல்லை. அருகிலுள்ள பிதுருதலாகலை உச்சியோ 8,281 அடி. அமெரிக்க விமானி உரிமத் தேர்வு நெறிகளோ, ஒற்றை எஞ்சின் விமானம் தரையிலிருந்து 1,500 அடிக்குக் கீழிறங்காமல் மீண்டுவிட வேண்டும் என்கின்றன. மாணவருக்கு அதன் இருமடங்கில் தொடங்குவதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. மலைக்கு மேலான உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சினின் வலு குறைவதால், இழந்த உயரத்தை மீட்க நேரமெடுக்கும். மலையின் காற்றுமறைவுப் பக்கத்தில் கீழிறங்கும் காற்றோட்டத்தையும் மறவாதீர்கள். பிற்பகலில் முகில் மூடுவதை ஹட்டன்காரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வகுப்பில், முழு வலுவுக்குப் பதிலாக 65 சதவீதமளவில் தொடங்கிக் காலைப் பழக்கிக்கொள்ளலாமா எனப் போதனாசிரியரிடம் கேளுங்கள். இடது இறக்கை சரிவது நிற்கும்வரை, அவரின்றித் தனியே பறக்கும் நாட்களில் இதைத் தொட வேண்டாம்.