நொரூஸில் பிரியும் நீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இருபது ஆண்டுகளாகப் பாரிஸின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லூர்க் கால்வாயின் கரையோரமாக ஈருருளி ஓடுவது வழக்கம். தெற்கு பிரான்சின் மிதி கால்வாய் பற்றிய உங்கள் பழைய குறிப்பைப் படித்துவிட்டு, வரும் ஜூனில் துலூஸிலிருந்து செத் துறைமுக நகர் வரையான 240 கிலோமீட்டரை, நாளொன்றுக்கு 80 வீதம், மூன்று நாட்களில் முடிக்க நினைத்திருக்கிறேன். ஆனால் நண்பர்கள் தடுக்கிறார்கள். மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள், இனி அங்கே அழகில்லை என்கிறார்கள். பாதை முழுக்கச் சமதளம், ஒரு மேடுகூட இல்லாததால் அலுப்புத் தட்டும் என்றும் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக லுவார் நதிக்கரைப் பாதைக்குப் போகலாமா? என் வண்டியின் டயர் 28 மில்லிமீட்டர் அகலம். அது போதுமா?

ச., பாரிஸ்

அன்புள்ள ச.,

ஈருருளி என்ற சொல்லை எழுதுபவர்களைப் பார்த்தே வெகுநாளாயிற்று. அதற்காகவே உங்களுக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடுவோம். 28 போதாது. துலூஸிலிருந்து 52 கிலோமீட்டரில் இருக்கும் நொரூஸ் என்ற இடம் வரை தார் போட்ட பாதை, அதுவரை சுகமாகப் போவீர்கள். அதற்கப்பால் பல இடங்களில் மண்ணும் சரளையும் மர வேர்களும்தான். 40 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் வேண்டும். லுவார் பாதை ஏறத்தாழ 900 கிலோமீட்டர், அரண்மனைகளுக்குக் குறைவில்லை, போகிறவர்கள் போகட்டும். இன்னொன்று, கால்வாய் செத் நகருக்குப் போவதில்லை. அதற்கு முன்பே தோ என்ற உப்பங்கழியில் கலந்து முடிந்துவிடுகிறது.

இனி அந்தச் சமதளத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் மீது எனக்குக் கோபமில்லை, அவர்கள் சொன்னதைச் சரிபார்க்காமல் எனக்கு எழுதிய உங்கள் மீதுதான் கோபம். துலூஸிலிருந்து கிளம்பி முதல் 52 கிலோமீட்டரில் நீங்கள் 57 மீட்டர் ஏறுவீர்கள். உங்கள் கால்களுக்கு அது தெரியாது. ஏனென்றால் அந்த ஏற்றம் முழுவதையும் நீர்ப்பூட்டுகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள், வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு பூட்டின் ஓரத்திலும் பாதை சட்டென்று இரண்டு மூன்று மீட்டர் எழும்பும், பிறகு அடுத்த பூட்டு வரை தண்ணீரோடு தண்ணீராக மட்டமாகக் கிடக்கும். பூட்டுக் காவலர் வீட்டின் சுவரில் ஒரு தகடு இருக்கும். அந்தப் பூட்டின் பெயரும், முந்தைய பூட்டு எத்தனை மீட்டர் தூரம், அடுத்தது எத்தனை மீட்டர் தூரம் என்பதும் அதில் பொறித்திருக்கும். உங்கள் கைப்பேசிச் செயலி காட்டும் கிலோமீட்டரை விட்டுவிட்டு அந்தத் தகடுகளை மட்டும் வாசித்துக்கொண்டு போனால், அலுப்பு என்ற சொல்லே உங்களுக்கு நினைவு வராது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுதாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நானும் முதல் நாள் உங்களைப்போலவே கணக்குப் போட்டுக்கொண்டு மிதித்தவன்தான். மாலைக்குள் கஸ்தெல்நோதாரி போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற வெறியில் நொரூஸைக் கடந்ததே தெரியாமல் கடந்துவிட்டேன். அன்று இரவு தங்கிய வீட்டில், மண்சட்டியில் வெள்ளைப் பீன்ஸும் வாத்துக்கறியும் சேர்த்து வேகவைத்த அந்த ஊரின் கசூலேயைப் பரிமாறிக்கொண்டே, வீட்டுக்கார அம்மாள் “தண்ணீர் பிரியும் இடத்தைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் அகப்பையைச் சட்டியிலேயே வைத்துவிட்டு, பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மறுநாள் காலை வந்த வழியே பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் திரும்பி மிதித்தேன்.

நொரூஸில் பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. மரங்களுக்கு நடுவே, ஒரு மாட்டுவண்டி இறங்கினால் அடைத்துக்கொள்ளும் அகலத்தில் ஒரு வாய்க்கால் சத்தமே இல்லாமல் வருகிறது. பாசி படிந்த கல்விளிம்பு, பல் வைத்த இரும்புச் சட்டத்தில் ஏறி இறங்கும் ஒரு சிறிய பலகை, அந்தச் சட்டத்தில் பூசிய கறுத்த கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு கொசுக்கள். அவ்வளவுதான். ஆனால் அங்கே வந்து சேரும் நீரில் ஒரு பங்கு மேற்கே திரும்பி அட்லாண்டிக் கடலுக்கும், மறுபங்கு கிழக்கே திரும்பி மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 189 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மேடுதான் முழுக் கால்வாயின் உச்சி. உச்சியிலிருந்து ஒரு படகு இறங்கும்போதெல்லாம், பூட்டு நிறையத் தண்ணீரும் அதனுடன் கீழே போய்விடும். போன தண்ணீர் திரும்பி ஏறாது. அப்படியானால் மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இரண்டு கடல்களை இணைப்பதைப் பற்றி, இந்தக் கால்வாயை வெட்டுவதற்கு முன்பு பல அரசர்கள் காலத்திலும் பேசினார்கள், எல்லாப் பேச்சும் இந்த ஒரு கேள்வியில் முட்டி நின்றது.

விடை கண்டவர் பொறியாளர் அல்லர். பெசியே நகரில் பிறந்து உப்பு வரி வசூலித்துச் செல்வந்தரான பியேர் போல் ரிக்கே. கருமலை என்று பொருள்படும் மொந்தாஞ் நுவார் மலையின் ஓடைகளைத் திருப்பி நொரூஸுக்குக் கொண்டுவரலாம் என்று 1662இல் அமைச்சர் கொல்பேருக்குக் கடிதம் எழுதினார். 1665இல் ஒரு சோதனை வாய்க்கால் வெட்டி, தண்ணீரை நடத்திக் காட்டினார். அதன் பிறகே 1666இல் பதினான்காம் லூயியின் ஆணை வந்தது. மலையடியில் சான் ஃபெரியோல் அணையைக் கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். உச்சகட்டத்தில் சுமார் 12,000 பேர் வேலை செய்தார்கள், பெண்களும் கூடைகளில் மண் சுமந்தார்கள். முதலில் கட்டிய நேர்ச்சுவர்ப் பூட்டு மண்ணின் அழுத்தத்தில் சரிந்ததால்தான், பின்னர் சுவர்களை வில்லாக வளைத்து முட்டை வடிவத்தில் கட்டினார்கள். நீங்கள் படமெடுத்துக்கொள்ளப் போகும் அந்த அழகிய வளைவு, சரிந்த சுவரிலிருந்து பிறந்தது. ரிக்கே 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் 1681 மே மாதம் திறக்கப்பட்டது.

ஆனால் எனக்கு ரிக்கேயைவிட நெருக்கமானவர் வேறொருவர். ரெவெல் என்ற சிற்றூரில் தண்ணீர் பராமரிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த பியேர் காம்மாஸ். எந்த ஓடை எந்தச் சரிவில் இறங்குகிறது, எங்கே கரையைக் கிள்ளிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை நடந்தே அறிந்தவர் அவர்தான், ரிக்கே அவரைக் கூட்டிக்கொண்டுதான் மலையில் அலைந்தார். கால்வாய்க்கரை எங்கும் ரிக்கேயின் பெயர் நிற்கிறது, காம்மாஸின் பெயரை நாம்தான் தேடிப் போகவேண்டும். என் தாத்தா வெட்டாற்றுப் பாசனத்தில் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவர். மதகுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கரையில் நடப்பார். கூடவே ஓடும் என்னிடம், “தண்ணிக்கு மேடு பள்ளம் தெரியும்டா, நமக்குத்தான் தெரியாது” என்பார். நொரூஸில் அந்தப் பலகை அருகே குந்தியிருந்தபோது, கல்லில் வைத்த கையை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்த முதியவர், உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மரங்களைப் பற்றி உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை. 42,000 பிளாத்தான் மரங்கள் இருந்த கரை அது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையின் வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு வந்ததாகச் சொல்லப்படும் ஒரு பூஞ்சை, 2006இல் இந்தக் கரையில் கண்டுபிடிக்கப்பட்டது. பிடித்த மரம் பிழைப்பதில்லை. அதை வெட்டி அங்கேயே எரிக்கிறார்கள். திரேப் ஊருக்கு அருகே வெட்டிய அடிமரங்களின் வரிசையைக் கடக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது, வெயிலும் மண்டையைப் பிளந்தது. ஆனால் அந்த மரங்களில் பெரும்பாலானவை ரிக்கே காலத்தவை அல்ல, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நட்டவை. அதற்கு முன்பு பட்டுப்பூச்சிக்காக முசுக்கொட்டையும், பலகைக்காகப் பாப்லரும் நின்ற கரை அது. இப்போது பல இனக் கன்றுகளைக் கலந்து நட்டுவருகிறார்கள். நிழல் வர உங்கள் பேரன் காலமாகும். தொப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். ஆறு நாளாவது ஒதுக்குங்கள். பெசியேயில், படிக்கட்டுபோலப் பூட்டுகளை அடுக்கிக் கட்டிய ஃபோன்செரான் படிப்பூட்டில் ஒரு படகு தொட்டி தொட்டியாகத் தாண்டி இறங்கும்வரை பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும். அதற்கு முன் நொரூஸில் கால்வாயை விட்டுவிட்டு, நீர் வரும் அந்தச் சிறு வாய்க்காலின் கரையைப் பிடித்து எதிர்த்திசையில் ரெவெல் வரை போங்கள், ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சனிக்கிழமையாக இருந்தால் அங்கே சந்தை கூடும். காம்மாஸின் ஊரில் பழம் வாங்கித் தின்றுவிட்டு, சான் ஃபெரியோல் அணைக்கு ஏறுங்கள். மூன்று கிலோமீட்டர்தான், ஆனால் வண்டியை மிக இலகுவான கியருக்கு மாற்றியும் எனக்கு இரண்டு இடங்களில் கால் ஊன்ற வேண்டியிருந்தது. மேடே இல்லை என்று வருத்தப்பட்டீர்களே, அது அங்கே இருக்கிறது.

அன்புடன்